கைதட்டும் திசை

ஆகஸ்டிலேயே கோடையைத் தொடங்கிவிட வேண்டும் எங்களுக்கு.
ரொசாரியோவின் குளிர் சன்னலில் மூச்சாய்ப் படிந்திருக்க,
அடுப்பின் நாலு கண்ணையும் எரியவிட்டு
கிரிசெல்தா கணக்கு நோட்டை விரிக்கிறாள்.
ஜனவரி. இரண்டாம் வாரம். மார் தெல் பிளாத்தா.
பென்சிலால்தான் எழுதுகிறாள்.
இந்த நாட்டில் விலையைப் பேனாவால் எழுதுகிறவன்
ஒன்று பணக்காரன், இல்லை பைத்தியக்காரன்.

வீட்டுக்காரி நெலிதா சொல்லும் வாடகை
திங்கட்கிழமைக்கு ஒன்று, வியாழனுக்கு ஒன்று.
"இன்றைக்கே முன்பணம் போட்டால் நேற்றைய விலை" என்கிறாள்,
நேற்றைய விலையை நேற்றே ஏற்றிவிட்டவள்.

மணலில் வாடகைக் கூடாரம்:
முன்வரிசையில் கடல் தெரியும்.
ஆறாவது வரிசையில் ஐந்து குடும்பங்களின் முதுகு தெரியும்.
ஆறாவதுக்கு நேரே ஒரு டிக்.

நான் மெல்ல என் வரைபடத்தை எடுத்து வைக்கிறேன்.
தெற்கே இருநூறு கிலோமீட்டர் தள்ளி
ஒரு கலங்கரை விளக்கம், நாலு பைன் மரம்,
அப்புறம் காற்று.
பேருந்து ஓட்டுகிறவன் நான்.
வருஷம் முழுக்க முதுகுக்குப் பின்னால் ஐம்பது பேரின் இருமல்.
பத்து நாள், எவர் முதுகும் குறுக்கே இல்லாமல்
கடலைப் பார்க்கக் கூடாதா?
மலிவும்கூட.
அந்தப் பிரிஸ்டல் கரையிலோ எள் போட்டால் எள் விழாது.
விழுந்தாலும் யாருடைய சான்ட்விச்சிலாவதுதான் விழும்.

அவள் மறுக்கவில்லை.
மாத்தே குவளையில் வெந்நீர் ஊற்றி நீட்டுகிறாள்.
நான் உறிஞ்சி முடிக்கும்வரை காத்திருந்து கேட்கிறாள்:
"அங்கே யார் கை தட்டுவார்கள், ரமிரோ?"

அவ்வளவுதான்.
போன ஜனவரி வந்து சமையலறையில் உட்கார்ந்துகொள்கிறது.

தூங்கிப்போயிருந்தேன். மறைக்க என்ன இருக்கிறது?
தொப்பி முகத்தின் மேல்,
மகள் வெட்டிய மணல் வாய்க்கால் காலருகே.
கண் விழித்தபோது வாய்க்கால் இருந்தது, வாளி இருந்தது.
ஐலேன் இல்லை.
நாலரை வயது. மஞ்சள் நீச்சலுடை.
எழுந்து பார்த்தால் கரை முழுக்க மஞ்சள்:
குடை மஞ்சள், துண்டு மஞ்சள்,
சோளம் விற்கிறவனின் கூடையெல்லாம் மஞ்சள்.
பெயரைச் சொல்லிக் கத்தினேன்.
கத்தக் கத்த அது வேறு யாருடைய பெயரோ ஆயிற்று.
கடல் பக்கம் மட்டும் பார்க்கக் கூடாதென்று
கழுத்தைத் திருப்பிக்கொண்டே ஓடினேன்.

அப்போது கேட்டது.
தூரத்தில் ஒரு ஜோடிக் கை.
பிறகு பத்து. பிறகு ஒரு வரிசை, அதை ஒட்டிய வரிசை.
சீட்டாடியவர்கள் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு,
சுரோஸ் தின்றவர்கள் சர்க்கரை ஒட்டிய விரல்களோடு,
எண்ணெய்க் கைகள், ஈரக் கைகள்,
தகரக் கூரையில் மழை நடந்து வருவது போல.
எதற்கென்று யாரும் யாரையும் கேட்கவில்லை.
இந்தக் கரைக்குத் தெரியும்:
தொலைந்த பிள்ளையைத் தோளில் ஏற்று, தட்டு.
பெற்றவனுக்கும் தெரியும்:
சத்தம் எங்கே தடிக்கிறதோ அங்கே ஓடு.

ஓடினேன். குடைகள் சாய்ந்து வழிவிட்டன.
யாரோ ஒரு பருத்த ஆள்,
வெயிலில் வெந்து முதுகு இறால் நிறம்.
அவன் தோளில் அவள்.
அழவில்லை. அவளும் தட்டிக்கொண்டிருந்தாள்,
யாருக்கோ பிறந்தநாள் என்று நினைத்து.

அவன் பெயரைக் கேட்க மறந்தேன்.
அந்த முதுகு மட்டும் நினைவிருக்கிறது.

வரைபடத்தை மடிக்கிறேன்.
பழைய மடிப்புக்குத் திரும்ப மறுக்கிறது.
நெலிதாவுக்குப் போன் செய்தால்
காலையில் சொன்னதைவிட ஏறியிருக்கிறது.
சரி என்கிறேன்.
கிரிசெல்தா அழிக்கிறாள், எழுதுகிறாள்.
காகிதம் அந்த இடத்தில் மெலிந்துவிட்டது.

ஒற்றைக் காலுறையோடு ஐலேன் வந்து நிற்கிறாள்.
கடலுக்கா?
கடலுக்குத்தான்.
கூட்டம் இருக்குமா?
இருக்கும்.
கொஞ்சம் யோசித்துவிட்டு:
"அப்பா, நான் மறுபடி தொலையலாமா?"

கிரிசெல்தா பென்சிலை என் பக்கம் உருட்டுகிறாள்.
எழுதுகிறேன்:
சிவப்புத் தொப்பி, சின்னது, ஒன்று.
அதன் கீழே, எனக்காக:
காபி. பெரிய பிளாஸ்க்.