குடும்பப் பெயர் என்ற கட்டம்

பத்தரைக்கு ஓட்டோவில் வந்தான்,
ஒரு கை நஸ்மிலின் தோளில், மற்றதில் செருப்பு.
திருகோணமலைப் பெரியாஸ்பத்திரி வாசலில்
மானொன்று வாழைப்பழத் தோல் தின்றபடி
வழிவிடாமல் நின்றது.

புறாமலையில் கடல் முள்ளெலியை மிதித்த கால்.
குதிக்காலில் பதினேழு கறுப்புப் புள்ளிகள்;
எண்ணியது மிஸ்ஸி.
நான் சிட்டை எழுதுகிறவள்.

பெயர்?
கொலம்போ.
ஊர் பிறகு. முதலில் பெயர்.
கொலம்போ.
விமானம் இறங்கிய இடத்தைக் கேட்கவில்லை, மிஸ்டர்.
கடவுச்சீட்டைத் திறந்து விரலை வைத்தான்:
எலியோ கொலம்போ. பிறந்தது மிலான்.

நஸ்மில் சிரித்த சிரிப்பில்
வரிசையிலிருந்த காய்ச்சல்காரரும் தலை தூக்கினார்.
"நாங்கள் கொழும்புக்குப் போக ஆறு மணித்தியாலம்.
கொழும்பே நொண்டி நொண்டி வந்திருக்கு,
எழுதுங்கோ தங்கச்சி."

அவனுடைய ஆங்கிலம் உடைசல். என்னுடையதும்.
இரண்டையும் ஒட்டிப் பார்த்ததில் விளங்கியது:
அந்தப் பெயருக்கு அர்த்தம் புறா.
"அப்ப புறா புறாமலைக்குத்தானே போகும்," என்றான் நஸ்மில்.

மிஸ்ஸி வினாகிரித் துணியோடு வரும்வரை
நோவை மறக்கப் பேசிக்கொண்டே இருந்தான்.
எங்கள் வழியில் புறா வளர்த்தவன் ஒருவன் இருந்திருக்கலாம்.
விற்றவனாகவும் இருக்கலாம்.
அல்லது
(காலைப் பிடித்தார்கள், கத்தினான்)
அல்லது, மிலானில் ஒரு பழைய ஆஸ்பத்திரி.
அதன் சின்னம் புறா.
சுவரில் சுழலும் மரத்தொட்டில்.
இரவில் வருகிறவள் பிள்ளையை வைத்து
மணியை இழுத்துவிட்டுப் போய்விடுவாள்.
உள்ளே தொட்டிலைத் திருப்பி எடுப்பார்கள்.
எடுத்தால் எழுத வேண்டும்.
எழுதினால் பெயர் வேண்டும்.
சின்னத்தைப் பார்த்தார்கள், புறா என்று எழுதினார்கள்.
அடுத்ததற்கும் புறா. அதற்கடுத்ததற்கும்.
எங்கு பார்த்தாலும் ஒரே பெயராகிப் பதிவேடு குழம்ப,
ஒரு காலத்தில் நிறுத்தினார்களாம்.

நீங்கள் எந்தப் புறா?
தோளைக் குலுக்கினான்.
"அப்பா தேடவில்லை. அவருடைய அப்பாவும்."

எனக்குக் குழந்தையல்ல, தாயுமல்ல,
அந்த எழுத்தர்தான் மனதில் நின்றார்.
பேனையை எடுத்துவிட்டு
ஏதாவது எழுதியே ஆகவேண்டியிருந்த ஆள்.

கடல் வந்த வருடம் நான் வேலைக்குப் புதிசு.
மூன்று வயதிருக்கும், யாரும் கேட்டு வராத ஒரு பையன்.
பெயர் கேட்டால் 'குட்டான்' என்றான், அவ்வளவுதான்.
தகப்பன் பெயர் என்ற கட்டத்தில்
அடிமட்டம் வைத்து நேராகக் கோடு போட்டேன்.
ஐந்தாம் நாள் ஒரு மாமன் வந்து கூட்டிப்போனார்.
கோட்டைத் திருத்த அவரும் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

எங்கள் பெயருக்குப் பின்னால் ஒன்றும் கிடையாது.
முன்னால் ஓர் எழுத்து, ஒரு புள்ளி.
க. தவரஞ்சினி.
என் மகளின் பெயருக்கு முன்னால் வேறெழுத்து நிற்கிறது.
அந்தச் சின்னத்துப் புறா
இருநூறு வருடமாய் இறங்காமல் பறக்க,
கதிர்காமத்தம்பி என்ற என் அப்பா
என் கையெழுத்தோடு முடிந்துவிடுவார்.

பின்னேரம் டொக்டர் சிட்டையைப் பார்த்தார்.
"பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஊர்.
ஊர் இருக்க வேண்டிய இடத்தில் புறா.
தூக்கமா?"
இரண்டையும் சிவப்பால் வட்டமிட்டுத் தந்தார்.

டிப்பெக்ஸ் போத்தலைக் குலுக்கினேன்.
உள்ளேயிருக்கும் சின்னக் குண்டு டக்கு டக்கென்றது.
திறக்காமல் மேசையில் வைத்தேன்.