வினையாலணையும் பெயர்

அஸ்தம்பட்டி, டயர் கடைக்கு மேல்மாடி.
யுபிஎஸ் முனகிக்கொண்டிருக்கும் அறையில்
ஏற்காட்டு மலையைச் செவ்வகங்களாக வெட்டி
ஒரு மரத்தில் ஏற்றி வைத்திருக்கிறேன்.
காபித் தோட்டங்கள், மிளகு படர்ந்த சில்வர் ஓக் வரிசை,
குப்பாயி பேரில் நாற்பத்திரண்டு சென்ட்,
எல்லாம் பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் பெட்டி.

மலைப்பாதைக்கும் ஒரு பெட்டி போட்டேன்.
இருபது கொண்டை ஊசியையும் அடக்கப் போய்
அது பாதி மலையை விழுங்கிவிட்டது.
நூல் அளவு ரோடு.
அதன் பெட்டியோ எவர் நிலத்தைக் காட்டினாலும்
என்னுடையதில்தான் என்கிறது.
அதனால் முதலில் பெட்டியைக் கேள்,
அது ஆமென்றால் மட்டும் கோட்டைக் கேள்.

மரத்துக்கு ஒன்றும் தெரியக் கூடாது.
இது என் பிடிவாதம்.
மண்சரிவா, குடிநீர்க் குழாயா, காட்டெருமைத் தடமா,
எதற்காக வந்திருக்கிறார்கள் என்பது மரத்தின் கவலை இல்லை.
கிளையைத் திறந்துவிட்டால் போதும்.

வெறும் செயலாக அனுப்பினால் ஆகாதா என்றான் இம்தியாஸ்.
ஆகாது.
"தொடுதல்" தொழிற்பெயர்.
அதற்குக் காலம் கிடையாது,
கண்டதை முடிந்துகொள்ள முந்தானை கிடையாது.
எனக்கு வேண்டியது தொட்டவள்.
ஒன்பதாம் வகுப்பில் எனக்கு இரண்டு மார்க் போன கேள்வி அது:
வினையைச் செய்யும், பெயராக நிற்கும்,
காலத்தைத் தன் உடம்பிலேயே வைத்திருக்கும்.
சரிவின் எல்லையை மடியில் கட்டிக்கொண்டு ஏறுவாள்,
இடிபட்ட நிலங்களின் எண்ணை
அதே மடியில் முடிந்து வருவாள்.

ஐப்பசி மழையில் பன்னிரண்டாம் வளைவுக்கு மேலே மண் இறங்கியது.
வியாழன் காலை அவளை அனுப்பினேன்.
நாலு மில்லி செகண்ட்.
பட்டியல்: பூஜ்யம்.

சர்வேயர் சவரிமுத்து போனில்:
"மேடம், என் முன்னாடி பதினேழு பேரு நிக்கறாங்க, சேத்துக் காலோட.
உங்க கம்ப்யூட்டரு யாருக்குமே ஒண்ணும் ஆகலைங்குது.
நீங்களே மேல வந்து சொல்லிட்டுப் போயிடுங்க."

மதியம்வரை பெட்டிகளைச் சந்தேகப்பட்டேன்.
அட்சமும் தீர்க்கமும் இடம் மாறியதோ என்று பார்த்தேன்.
இம்தியாஸ் வாங்கி வைத்த தட்டுவடை செட்
சட்னியில் ஊறிச் சொதசொதத்துவிட்டது.
பிறகுதான் தெரிந்தது,
மரமேறியது அவளே இல்லை.
வாசலில் ஒரு நகல் எடுத்து
நகலைத்தான் உள்ளே விட்டிருக்கிறது என் நிரல்.
அந்த நகல் கிளை விடாமல் ஏறியது,
தொட்டது, முடிந்துகொண்டது,
கடைசி அடைப்புக்குறி மூடிய இடத்தில்
மடியோடு மறைந்தது.
வாசல் தாண்டாதவளிடம் போய்
என்ன கண்டாய் என்று கேட்டிருக்கிறேன்.
அவள் பொய் சொல்லவில்லை.

ஒரே ஒரு குறி.
நகல் வேண்டாம், இவளையே விடு என்று சொல்கிற
கொக்கி மாதிரி ஒன்று.
சேர்த்தேன். ஓட்டினேன்.

பதினாறு.

விடுபட்டவள் குப்பாயி.
சரிவின் விளிம்பும் அவள் வேலியும் ஒரே கோடு,
தசமத்தில் ஆறாம் இலக்கம்வரை.
நான் "சிறியது" என்று எழுதியிருந்தேன்.
"சிறியது அல்லது சமம்" என்றிருந்தால் உள்ளே வந்திருப்பாள்.
தொடுவது வெட்டுவதாகுமா?
இரண்டு விதமாகவும் எழுதலாம், இரண்டும் சரி.

சவரிமுத்து படம் அனுப்பினார்,
கல்தூண் ஒன்று நாற்றங்காலுக்குள் சாய்ந்து கிடக்கிறது.
"கோடு போட்டது நாந்தான் மேடம்,
கொட்டுற மழையில, கொடை புடிக்க ஆளில்லாம.
ஒரு அடி இப்பிடி அப்பிடி இருக்கும்."

மரத்தில் கை வைக்கவில்லை.
அவள் பிறக்கும்போதே கேட்கும்படி ஒன்று சேர்த்தேன்:
விளிம்பு தொட்டாலும் சேர்க்கவா?
யாரும் பதில் சொல்லாவிட்டால், ஆம்.
பக்கத்தில் ஒரு குறிப்பு:
ஏன் என்று கேட்பவர் பன்னிரண்டாம் வளைவுக்குப் போய்வரவும்.

நிரலில் இப்படியெல்லாம் எழுதக் கூடாதென்கிறான் இம்தியாஸ்.
நாளைக்கு அழிக்கிறேன் என்று
மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.