ஆறும் வரை

இன்ஜின் மேல் உள்ளங்கையை வைத்தேன்.
சூடு.
"ஸ்டார்ட் செய்யாத வண்டியைத்தான் பார்க்க வருவேன்" என்று
ஒசியேல் பாரியாவிடம் நேற்றே சொல்லியிருந்தேன்.
மே மாதக் கடைசி. கொயாய்க்கேயில் மணி பத்தாகியும்
குட்டைகளின் மேல் பனித்தகடு உடையவில்லை.
இந்தக் குளிரில் தானாகச் சூடாவதற்கு
வண்டி என்ன ரொட்டி அடுப்பா?

நான் கேட்பது பெரிதில்லை.
வாரம் ஆறு நாள் மருத்துவமனைச் சலவைக்கூடம்,
பதினெட்டு கிலோமீட்டர் தார்ச்சாலை, எதிர்க்காற்று.
கோடையில் ஒருமுறை தெற்கே,
சாலை தீர்ந்து பலகைப் பாதைகள் தொடங்கும்
தொர்த்தெல் வரை.
ஞாயிறுகளில் நெலிடாவின் ஆட்டுப்பட்டிக்கு:
சரளை, சேறு, முழங்காலளவு ஓடை ஒன்று.
மூன்று வண்டிக்கு ஆசை,
ஒன்றுக்கே காணாத காசு.

இதற்கு முன் இரண்டு பார்த்தாயிற்று.
ஒன்று, அலுமினியப் பெட்டிகள் பூட்டிய யானை.
சேற்றில் சாய்ந்தால் நிமிர்த்த ஊரைக் கூட்ட வேண்டும்.
மற்றது வெட்டுக்கிளி.
எண்பதைத் தாண்டினால்
என் பல் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஆடியது.

இது இருநூற்றைம்பது சிசி.
ஏறி உட்கார்ந்தால் பாதம் படவில்லை,
விரல்கள் பட்டன. போதும்.
தானம் வந்த மாடில்லையே, பல்லைப் பிடித்துப் பார்த்தேன்:
பின்சக்கரத்தின் பற்கள் கூர்ந்து ஒருபக்கம் சாய்ந்திருந்தன.
செயினோடு சேர்த்து மாற்ற வேண்டும், எண்பதாயிரம் பேசோ.
ஸ்போக்குகளை ஸ்பானரால் தட்டிக்கொண்டே வந்தேன்.
டிங், டிங், டிங்,
டொக்.
"அந்த டொக்கை எனக்குத் தெரியும்" என்றார்.
அடித்தகட்டில் கல் பட்ட பள்ளங்கள். அது நல்லது,
அடி வாங்க வேண்டியது வாங்கியிருக்கிறது.
ஃபோர்க்கில் கசிவில்லை.
எல்லாம் சரி. ஆனால் சூடு.

"காலையில் ஒரு சுற்றுப் போனேன்."
"எதற்கு?"
பதில் வர நேரமானது.
"விற்கப் போகிறேனே, அதற்கு."

நம்பலாம்.
குளிரில் எழ மறுக்கும் வண்டியை
விடியலிலேயே எழுப்பி வைப்பவர்களும்
இதே முகத்தோடுதான் சொல்வார்கள்.
"ஆறட்டும், இருக்கிறேன்" என்றேன்.

கோபித்துக்கொள்ளவில்லை. ஷெட்டுக்குள்ளிருந்து
இன்னொரு நாற்காலி வந்தது, கெட்டில் வந்தது.
மாத்தே, ஒரே குடுவை, ஒரே குழல்.
சந்தேகப்படும் ஆளும் சந்தேகிக்கப்படும் ஆளும்
மாறி மாறி உறிஞ்சினோம்.
பேச்சு அதிகமில்லை. தகரக்கூரை மேல் தூறல்.
குடுவையை எப்போதும் வலது கையால்தான் நீட்டினார்.
இடது கை மடியில் கிடந்தது,
விரல்கள் பாதிவரைதான் மடங்கின.
கிளட்ச் பிடி ஏன் அத்தனை தளர்வாய்
ஹேண்டிலை ஒட்டியே வைத்திருக்கிறது என்று
அப்போது புரிந்தது.
கேட்கவில்லை.

ஒரு மணிக்கு மறுபடி கை வைத்தேன்.
கல்லாய்க் குளிர்ந்திருந்தது, என் கையைப் போலவே.
சோக்கை இழுத்துப் பொத்தானை அழுத்தினேன்.
இருமியது.
மறுபடியும் இருமியது.
அவர் என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார்.
மூன்றாவதில் பிடித்துக்கொண்டது.
நீலப்புகை இல்லை, வெள்ளை ஆவி மட்டும்.
அது எங்கள் வாயிலிருந்தும் வந்துகொண்டுதான் இருந்தது.

இரண்டு இருமலுக்கு ஒரு லட்சம் குறைத்தேன்.
"டொக்குக்கு?" என்று அவரே கேட்டார்.
இருபதாயிரம்.
சாவியைத் தருமுன் ஸ்பானரை எடுத்து
கிளட்ச் கம்பியை என் பிடிக்கு ஏற்ப இறுக்கினார்.
மெதுவாக, ஒற்றைக் கையால்.
உதவப் போனேன். "வேண்டாம்" என்றார்.

வீட்டில் கழுவும்போது
மட்கார்டின் உள்ளே சாம்பல் நிறக் களிமண்,
இன்னும் ஈரமாய்.
இந்த ஊர்த் தெருக்களில் அது கிடையாது,
ஏரிக்கரையில்தான் உண்டு.
போய்த்தான் வந்திருக்கிறார்.

அந்த மண்ணை மட்டும் கழுவாமல் விட்டேன்
என்று சொன்னால் நன்றாயிருக்கும்.
கழுவினேன்.
காலை ஏழு மணிக்கு வேலை.