கணவாய் மூடியிருக்கிறது

விமானம் என்றால் ஐம்பது நிமிடம்.
பேருந்து என்றால் ஏழு மணி நேரம்,
அதுவும் கணவாய் திறந்திருந்தால்.
அந்த டிக்கெட் காசுக்கு மூன்று கச்சேரி பார்க்கலாம் என்று
கைபேசியை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள் அயெலென்.
மூன்று கச்சேரி, ஒரு பனியன்,
மிச்சத்தில் சாப்பாடு.
அவள் கணக்கில் சாப்பாடு எப்போதும் மிச்சத்தில்தான்.

ரொசாரியோவிலிருந்து கோர்தொபாவுக்கு
இரவுப் பேருந்தில் வந்திருந்தோம்.
பாதி சாயும் இருக்கை, அதனால் பாதித் தூக்கம்.
மீதிப் பாதியில் பின்சீட்டுக் குழந்தை
என் முதுகில் உதைத்து உதைத்துத் தாளம் பழகியது.
மோசமில்லை. மூன்றாவது பாட்டின் நடை
கிட்டத்தட்டப் பிடிபட்டுவிட்டது அதற்கு.

அங்கிருந்து மென்தோசாவுக்குப் பங்குக் கார்.
ஓட்டியவர் ஹெர்மெனெஹில்தோ,
பின்னால் நான்கு தேனீப் பெட்டிகள்.
கொட்டாது, தூங்குகின்றன, என்றார்.
பாட்டு மட்டும் வைக்க வேண்டாம்.
ஓர் இசைக்குழுவைத் துரத்திக்கொண்டு
அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்
மூச்சுக் காட்டாமல் போனவர்கள்
உலகத்தில் நாங்களாகத்தான் இருக்கும்.

குழுவின் பெயர் தாமதக்காரர்கள்.
ஒரு நாளும் தாமதமாக மேடையேறியதில்லை.

மென்தோசாவில் முடிவெடுக்க வேண்டியிருந்தது.
மலைக்கு அந்தப் பக்கம் சந்தியாகோ,
வெள்ளிக்கிழமை, இரவு ஒன்பது.
பனி வருமாம் என்றேன்.
"வருமாம்தானே?" என்றாள்.
என் இடது காலுறைக்குள்
விமானத்துக்கான பணம் இருந்தது.
ஒருவருக்கு மட்டும்.
ஒரு வாரமாக அதன்மேல்தான் நடந்துகொண்டிருந்தேன்.

பேருந்தில் ஏறினோம்.
உஸ்பயாத்தாவில் நிறுத்தினார்கள்.
தொப்பியில் பனி அப்பிய காவலர்
படியில் ஒரு காலை மட்டும் வைத்துச் சொன்னார்:
கணவாய் மூடியிருக்கிறது.
நாளை?
தோளைக் குலுக்கினார். பனி எங்கள்மேல் விழுந்தது.

சாலையோரம் லாரிகள், கண்ணுக்கெட்டியவரை.
ஒன்றின் ஏணியில் உட்கார்ந்து
மாத்தே உறிஞ்சிக்கொண்டிருந்தவர் ரூஃபினோ.
குவளையை நீட்டினார், வாங்கிக்கொண்டோம்.
உள்ளே என்ன சரக்கு?
"சத்தம்" என்றார்.
யாரோ பாட்டுக்காரப் பையன்களாம்.
அவர்கள் காலையிலேயே பறந்துவிட்டார்கள்,
பெட்டிகளை இவர் தலையில் கட்டிவிட்டு.

அயெலென் சுற்றிப் போய்ப் பார்த்தாள்.
பூட்டில் சுங்க முத்திரை, ஈயம்.
திரும்பி வந்து ஒன்றும் சொல்லவில்லை,
குவளையை இன்னொரு முறை கேட்டு வாங்கிக் குடித்தாள்.

காலுறைப் பணத்தை எடுத்தேன்.
எங்கிருந்து என்று அவள் கேட்கவில்லை.
பெட்ரோல் பங்க்கில் இரண்டு கிண்ணம் சூப்பும்
அநியாய விலைக்கு ஒரு போர்வையும் வாங்கினேன்.

ஒன்பது மணிக்கு மலைக்கு அப்பால் ஆரம்பித்துவிட்டார்கள்.
இரவல் டிரம்ஸ், இரவல் கிதார்கள்.
கைபேசியில் பதினோரு வினாடி வந்தது:
ஒரு முழங்கை, ஒரு நீல விளக்கு,
அப்புறம் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டேயிருந்தது.

குளிருக்காக ரூஃபினோ எஞ்சினைப் போட்டார்.
அப்போதுதான் கேட்டது.
முத்திரைக்கு உள்ளே எங்கோ
ஸ்நேர் டிரம்மின் அடிக்கம்பிகள்
டீசலின் உதறலுக்கு நடுங்கின.
மெல்லிய கரகரப்பு,
யாரோ அரிசியைச் சல்லடையில் போட்டு
ஆட்ட மறந்து, மறுபடி ஆட்டுவது போல.

அயெலென் தகரத்தில் காதை வைத்தாள்.
"நாலாவது பாட்டு."
நானும் வைத்தேன்; காது வெந்தது குளிரில்.
இல்லை, ஐந்தாவது, என்றேன்.
இதற்காக அரை மணி நேரம் சண்டை போட்டோம்.
ரூஃபினோ எஞ்சினை அணைக்கவில்லை.
எண்ணெய் யார் வீட்டுக் காசு என்று தெரியவில்லை.

சனிக்கிழமை நண்பகலில் வழி திறந்தது.
அடுத்தது கொன்செப்சியோன், திங்கள்.
சந்தியாகோவிலிருந்து சியான் வரை ரயில் உண்டு,
பிறகு பேருந்து, இல்லாவிட்டால் கைகாட்டி ஏறுவது.
அல்லது, என்றார் ரூஃபினோ கண்ணாடியைத் துடைத்தபடி,
நான் நேராக அங்கேதான் போகிறேன்,
பக்கத்தில் ஓர் இடம் இருக்கிறது.
ஒன்றுதான்.

அயெலென் என்னைப் பார்க்கவில்லை.
குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள்,
மிக மெதுவாக,
கட்டியதை அவிழ்த்து
மறுபடியும்.