தலைவலிக்கு எடுத்த படம்

ஓர்வில் டாக்கெட், வயது முப்பத்தெட்டு,
அலமாரிக் கதவில் நெற்றியை இடித்துக்கொண்டான்.
கோழிமுட்டை அளவு வீக்கம்.
மயக்கமில்லை. வாந்தியில்லை.
நர்ஸிடம் நேற்றைய ஆட்டத்தில் யார் ஜெயித்தது என்று கேட்டான்.
டாக்டர் ப்ரூயிட் விளக்கடித்துக் கண்ணைப் பார்த்தார்.
ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தவர்
ஒரு மூச்சு நிறுத்தி
"எதற்கும் ஒரு ஸ்கேன்" என்றார்.

அந்த 'எதற்கும்'தான்
மூன்றாம் மாடியில் என் மேசைக்கு வந்து சேர்கிறது.
எல்லாவற்றுக்கும் எண் போடுவது என் வேலை.
'எதற்கும்' என்பதற்கு எண் கிடையாது.
தலைவலி என்று போடுகிறேன்.
இருபத்திரண்டு வருடமாக
இந்த ஆஸ்பத்திரியின் பயத்தை
தலைவலி, நெஞ்செரிச்சல், கிறுகிறுப்பு என்று
பெயர்மாற்றிச் சம்பளம் வாங்குகிறேன்.

அந்தப் படத்தை டாக்டர் பார்ப்பார்,
ஓர்வில் பார்ப்பான்,
இன்னும் கூட்டப்படாத ஒரு ஜூரியும்
பன்னிரண்டு நாற்காலிகளில் உட்கார்ந்து பார்க்கும்.

பில் ஆயிரத்து எண்ணூறு டாலர்.
வேலையில்லாதவனுக்கு அரசாங்கக் காப்பீடு.
அது மரியாதையாகப் பதில் எழுதும்:
டாலருக்கு முப்பத்தெட்டு சென்ட்.
மீதியை ஓர்விலிடம் கேட்கக் கூடாது, சட்டம்.
கேட்காவிட்டால் மீதி செத்தா போகும்?
படியிறங்கிப் போய்
ஒஹாயோ ஆற்றங்கரைப் படகுப் பட்டறையில்
வெல்டிங் செய்யும் ஜெனீன் ப்ளெவின்ஸின்
முழங்கால் பில்லில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.
அவள் கம்பெனிக் காப்பீடு முனகிக்கொண்டே கட்டும்.
ஜனவரியில் அவள் சம்பளச் சீட்டில் பிடித்தம் கூடும்.
"முழங்காலுக்குள்ள தங்கமா வச்சீங்க?"
ஃபோனில் கத்துகிறாள் ஜெனீன்.
அம்மா, அது ஓர்விலின் தலை
என்று சொல்ல எனக்கு அனுமதியில்லை.

மதியச் சாப்பாட்டு அறையில்
டாக்டர்கள் வக்கீல்களைத் திட்டுவார்கள்.
நெடுஞ்சாலை விளம்பரப் பலகையில்
பல் தெரியச் சிரிக்கிறானே, அவனை.
நான் சாண்ட்விச்சை மெல்லுகிறேன்.
அவனை எனக்குத் தெரியும்.
என் தங்கை ரோவீனாவின் சமையலறையில்
தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு அழுதவன்.

இதே கட்டடம், இரண்டாம் மாடி.
விடிகாலை நான்கு மணி.
வயிற்றுக்குள் குழந்தையின் துடிப்பு
காகிதச் சுருளில் கீழே கீழே இறங்க
நாற்பது நிமிடம் யாரும் வரவில்லை.
வெஸ்லிக்கு இப்போது பத்தொன்பது வயது.
தொகையைச் சொல்லக் கூடாதென்று கையெழுத்து.
சக்கர நாற்காலி, சாய்தளம், வேன்,
இரவில் அவனைப் புரட்டிப் படுக்கவைக்க வருபவள்,
இவ்வளவும் அந்தத் தொகைதான்.
ஒரு சென்ட்டும் திருப்பித் தரமாட்டேன்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.
டாக்டர் ஆக்னஸ் ஹோலுப்
ஆயிரத்துச் சொச்சம் குழந்தைகளைக் கையில் ஏந்தியவர்.
ஒருவரும் குறை சொன்னதில்லை.
வழக்குகளுக்கான அவருடைய காப்பீட்டுச் சந்தா
ஒரே வருடத்தில் இரட்டிப்பானது.
அவரிடம் வரும் தாய்மார்களில் பாதிப் பேர்
முப்பத்தெட்டு சென்ட்காரர்கள்.
பழைய உறையின் முதுகில் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு
பாடம் நடத்தக் கல்லூரிக்குப் போய்விட்டார்.

பிரசவ அறையில் இப்போது
நான் போட்ட பழைய பில்கள் பெட்டி பெட்டியாக.
சுவரில் வாத்துக்குஞ்சு ஸ்டிக்கர்கள் உரியவில்லை.

இன்று ஓர்விலின் முடிவு வந்தது.
தலையில் ஒன்றுமில்லை.
இடது ஓரத்தில் ஒரு சின்ன நிழல்,
பிறவியிலேயே இருந்திருக்கலாம்.
எதற்கும் ஆறு மாதம் கழித்து இன்னொன்று.

சாயங்காலம் பெத்தனி கூப்பிட்டாள்.
வெஸ்லியின் தங்கை, எட்டு மாதம்.
பிரசவம் பார்க்கும் ஆஸ்பத்திரி
மலைக்கு அந்தப்பக்கம், எழுபது மைல்.
பிப்ரவரிப் பனி. காரில் துண்டும் டார்ச்சும் வைத்திருக்கிறாளாம்.
சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்:
"பெரியம்மா, வழியிலேயே பொறந்துட்டா
அதுக்கும் ஒரு நம்பர் இருக்கா?"

இருக்கிறது.
அதற்கு இருக்கிறது.