எடைமேடை

புளியரையில் பாறைப்பொடி லாரிகளைப்
பதினேழு வருடமாக எடை போடுகிறேன்.
என்னைப் போட்டதில்லை.

ஷூ வாங்கியாயிற்று, பச்சை நாடா வைத்தது.
எஸ் வளைவு வரை ஓடித் திரும்ப உத்தேசம்.
'மொதல்ல தென்காசிக்குப் போய் நெஞ்சைக் காட்டிட்டு வா,
பெறவு ஓடு' என்றாள் பிளெஸ்ஸி.

கையில் பட்டை இறுகுகிறது,
புஸ்ஸென்று தளர்கிறது.
நூற்று ஐம்பத்தெட்டு, தொண்ணூற்றாறு.
லாரியாக இருந்தால் ஓரங்கட்டச் சொல்லியிருப்பேன்.

'அப்பா எதனால இறந்தாங்க?'

வாயு.
அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறோம்.
ஆரியங்காவில் லோடு இறக்கியவர்
சோடா கேட்டாராம்.
கிளீனர் பையன் வாங்கி வருவதற்குள்
இடது கையை இப்படிப் பிடித்துக்கொண்டு,
டயரில் சாய்ந்து.
அப்போது நாற்பத்தொன்பது.
சித்திரை வந்தால் எனக்கு நாற்பத்தேழு.

டாக்டர் எழுதுவதை நிறுத்துகிறார்.
பிடித்துக் காட்டிய என் கை
இன்னும் அங்கேயே இருக்கிறது.

மார்பில் சில்லென்று பசை.
மெஷின் சீட்டைத் துப்புகிறது,
எங்கள் மேடையில் வருவது போலவே.
எத்தனை சீட்டு கிழித்திருப்பேன்!
இதில் ஒரு கோடும் பிடிபடவில்லை.

டிரெட்மில் டெஸ்ட் புதன்கிழமை.
அதுவரை ஓட வேண்டாம்,
சமதரையில் மெதுவாக நடக்கலாம்.

'ஷூ போட்டுக்கிடலாமா சார்?'

'அதுக்கென்ன, போடுங்க.'