அறுபத்திரண்டு அதிகம்

முந்நூற்றைம்பது சொற்கள், மிஞ்சினால் ஏற்க மாட்டார்கள்.
தலைப்பு: நான் வாழும் நகரம்.
என்னிடம் நானூற்றுப் பன்னிரண்டு.
ஜம்பட்டா வீதி, ஏழாம் மாடி,
லிஃப்ட் நின்று மூன்று நாள்.
கட்டுரை நாளைக்குப் போக வேண்டும்.

முதலில் போனது "என்றால் அது மிகையாகாது".
நாலு இடத்தில் எழுதியிருந்தேன், பன்னிரண்டு மிச்சம்.
"நீலக்கடல் தாலாட்டும்" போனது.
எங்கள் யன்னலுக்கு வரும் கடல்
கொள்கலன்களுக்கு நடுவே ஒரு விரல் அகலம்,
தாலாட்டி நான் பார்த்ததில்லை.
"இன மத மொழி பேதமின்றி"
ஒரே கோட்டில் போயிற்று.
நூற்றைம்பத்தைந்தாம் பஸ்ஸில்
யாரோ ஒரு சிங்கள அக்கா
கேட்காமலே என் பையை வாங்கி
மடியில் வைத்துக்கொண்டாள்,
அதை மட்டும் விட்டேன்.

இன்னும் பதினொன்று.
தங்கச்சி டிலோமி தரையில் குப்புறக் கிடந்து
விரல்விட்டு எண்ணுகிறாள்.
"பழுதாகிப்போன, ஒரு சொல்லா ரெண்டா?"
"சேர்த்து எழுதினால் ஒன்று."
"அப்போ எல்லாத்தையும் சேர்த்தே எழுதேன்."

ஒரு வரியைச் சுற்றிச் சுற்றியே வெட்டிக்கொண்டிருந்தேன்:
என் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார்.

பெப்ரவரியிலிருந்து அவர் வீட்டில்தான்.
இப்போது படிக்கட்டில்
தண்ணீர்க் கேன் சுவரில் இடிக்கும் சத்தம்,
நாலாவதில் நிற்கிறது,
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை,
மறுபடி ஏறுகிறது.

ஓட்டுகிறாரை அடித்து
ஓட்டினார் என்று எழுதினேன்.

"எண்ணிக்கை மாறலையே," என்றாள் டிலோமி.